இருபது கறுப்பு ஜிக்

மெம்ஃபிஸ்
நவம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

நீ கடையில் நின்று எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சுவர் முழுக்க ஜிக், அதாவது தலையில் எடை வைத்து இறகோ நூலோ கட்டிய தூண்டில் முள், தொங்குகிறது. இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, எலுமிச்சைப் பச்சை, மினுக்குத் தூள் போட்டது என்று திருவிழா வளையல் கடை மாதிரி. கீழே, "அம்மா, இதில் எதை வாங்க?" என்று கேட்டிருக்கிறாய். மினியாப்பொலிஸ் போன இந்த மூன்று மாதத்தில் "சாப்பிட்டேன்", "வேலை இருக்கு" தவிர நீ எழுதிய முதல் வாக்கியம் அது. போனில் ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. எதையும் வாங்காதே. இந்தக் கடிதத்தோடு ஒரு சின்ன டப்பா இருக்கும். அதில் இருபது ஜிக், இருபதும் கறுப்பு.

சிரிக்காதே. உன் அப்பாயி இருந்திருந்தால் என்னைப் பிடித்து உலுக்கியிருப்பார். நல்ல நாளில் கறுப்புத் துணியை அவர் கண்ணில் காட்டக் கூடாது. நீ பிறந்தபோது உன் கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டு ஒன்றுதான் அவர் மனமாரத் தொட்ட கறுப்பு.

இங்கே டென்னசியில் இருக்கும் ரீல்ஃபுட் ஏரியில் நானும் அப்பாவும் மாட்டிக்கொண்ட கதை உனக்கு முழுசாகத் தெரியாது. நீ அப்போது காலேஜ் விடுதியில் இருந்தாய். ஏரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1811 டிசம்பரிலிருந்து 1812 பிப்ரவரி வரை மிசூரியின் நியூ மாட்ரிட் பக்கம் அடுத்தடுத்து நிலம் நடுங்கியதில், காடு இருந்த தரை அப்படியே கீழே இறங்கி, அதில் தண்ணீர் ஏறி உண்டான ஏரி அது. அதனால் ஆழம் பெரும்பாலும் ஆளுயரம்கூட இருக்காது. சைப்ரஸ் மரங்கள் தண்ணீரிலேயே நிற்கும். கண்ணுக்குத் தெரியாமல் கீழே எங்கே பார்த்தாலும் மரக்கட்டை. அந்த ஊர்க்காரர்கள் இதற்கென்றே தனி வகைப் படகு கட்டுகிறார்கள், முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தே துடுப்புப் போடலாம். அப்பாவுக்கு அதெல்லாம் வேண்டாம், மோட்டார்தான் வேண்டும்.

ஏப்ரல் மாதம், காலை ஏழு மணி. மோட்டார் ஒரு கட்டையில் மோதி, அதன் சுழலும் இறக்கையைப் பிடித்திருக்கும் சின்ன ஆணி உடைந்துவிட்டது. மாற்று ஆணி வீட்டில், கராஜில், பத்திரமாக இருந்தது. ஆள் வரும்வரை ஒரு மணி நேரம் ஒரே கட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அப்பா தன் மூன்றடுக்குத் தூண்டில் பெட்டியைத் திறந்தார். எனக்கு, யாரோ சும்மா கொடுத்து அவர் ஒருநாளும் கட்டாத ஒரு கறுப்பு ஜிக்கைக் கொடுத்தார்.

அவர் நாலடி ஆழத்தில் நிறம் மாற்றிக்கொண்டே இருந்தார். நான் எண்ணினேன், ஒன்பது நிறம். என்னிடம் மாற்ற நிறம் இல்லை, படகையும் நகர்த்த முடியாது. அதனால் தூண்டில் நரம்பைத்தான் ஏற்றி இறக்கிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் ஒரு சாணாக. இரண்டரை அடியில் தொட்டது. அதற்கப்புறம் ஆள் வருவதற்குள் பதினொன்று. அப்பாவுக்கு இரண்டு.

கறுப்பினால்தான் கிடைத்தது என்று ரொம்ப நாள் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். உண்மை எனக்கு உறைக்க இரண்டு மூன்று வருஷம் ஆயிற்று. அன்று பிடித்தது க்ராப்பி என்ற நன்னீர் மீன். அதன் கண் மேல்நோக்கிப் பார்க்கும்படி அமைந்தது. தலைக்கு மேலே போவதைப் பார்த்து ஏறி வந்து எடுக்கும். தனக்குக் கீழே கிடப்பதற்காக இறங்குவது அபூர்வம். அன்றைக்கு மீன் மூன்றடியில் இருந்தது, அப்பாவின் அத்தனை அழகான ஜிக்கும் அதன் வயிற்றுக்குக் கீழே. அவ்வளவுதான் விஷயம். இதை அவரிடம் சொல்லிப் பார்த்தேன், இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கறுப்புக்கு என்று ஒரு நியாயமும் இருக்கிறது. கீழேயிருந்து மேலே பார்க்கிற மீனுக்கு, ஜிக்கின் பின்னால் தெரிவது வெளிச்சமான வானம். அந்த வெளிச்சத்துக்கு முன்னால் கறுப்புதான் ஓரம் வெட்டினாற்போல் நிழலாகத் தெரியும். சிவப்பு, தண்ணீரில் கொஞ்சம் ஆழம் போனதும் தன் நிறத்தை இழந்துவிடும். பொழுது சாயும் நேரத்தில் எந்த நிறமும் நிறமாக நிற்காது. க்ராப்பி நன்றாகக் கடிப்பது அந்த நேரத்தில்தான். அப்புறம், தண்ணீரில் அது தின்கிற பூச்சிக் குஞ்சு, தலைப்பிரட்டை, அட்டை எல்லாம் கறுப்போ கறுப்பை ஒட்டியதோதான். உங்கள் ஊரில் அட்டையை உயிரோடு தூண்டில் இரையாகவே விற்பார்கள், பார்த்திருப்பாய்.

கலங்கிய தண்ணீரில் எலுமிச்சைப் பச்சை என்னைத் தோற்கடித்த நாளும் உண்டு. இருந்தாலும் நான் மாற்றுவதில்லை. நிறம் ஒன்றுதான் என்று முடிவாகிவிட்டால், கடிக்காதபோது ஆழத்தையும் இடத்தையும் கையின் வேகத்தையும்தான் யோசிப்பேன். பெட்டியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தால் அது நடக்காது.

டப்பாவில் இருப்பவை நானே கட்டியவை. உள்ளே கறுப்பு ஷெனில் நூல், வால் மராபு இறகு, தலைக்கு என் கறுப்பு நகப்பூச்சு. (கடையில் அந்தப் பெண் என் வயதையும் பாட்டிலையும் மாறிமாறிப் பார்த்தாள்.) மராபு என்பது ஒரு நாரையின் பெயர், இப்போது விற்பது வான்கோழி இறகு. நனைத்தால் நூல் மாதிரி ஒட்டிக்கொள்ளும், தண்ணீருக்குள் விட்டால் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கும். ஆரம்பத்தில் ஆசைப்பட்டு நிறைய வைத்துக் கட்டினேன், விளக்குமாறு மாதிரி ஆகிவிட்டது. அது வேகமாக இறங்கவும் இல்லை, எதுவும் தொடவும் இல்லை. இப்போது விரலை நனைத்துத் தடவிப் பார்த்துப் பாதியைப் பிடுங்கிவிடுகிறேன்.

பெரியவை 1/16 அவுன்ஸ், சின்னவை 1/32. அதாவது ஒரு கிராமுக்கு மேலும் கீழுமாக. நரம்பு 4 பவுண்டு தாங்குவது போதும். ஊரில் தங்கூஸ் என்போமே, அது போலத் தடித்ததைக் கட்டினால் இவ்வளவு லேசான ஜிக் சுருளைவிட்டு இறங்காது.

முடிச்சைக் கவனி. ஜிக்கின் காது, அதாவது நரம்பைக் கட்டும் வளையம், தலைக்கு மேல் இருக்கிறது. முடிச்சு அந்தக் காதின் உச்சியில் நின்றால் ஜிக் மீன்குஞ்சு மாதிரி கிடையாகத் தொங்கும். முன்பக்கம் வழுக்கிவிட்டால் வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும், எந்த மீனும் அப்படி நீந்தாது. ஒவ்வொரு மீன் எடுத்த பிறகும் விரலால் முடிச்சை மேலே தள்ளிவிடு. எனக்குத் தெரிந்து பாதிப் பேர் இதைச் செய்வதில்லை.

அப்புறம், ஆட்டாதே. கையை அசைக்காமல் வைத்திருந்தாலே உன் நாடித்துடிப்பு இறகுக்குப் போதும்.

கடிப்பதும் நம்மூர் கெண்டை, சிலேபி மாதிரி இருக்காது. தக்கை முங்கும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருப்பாய். க்ராப்பி கீழேயிருந்து எடுத்துக்கொண்டு மேலே வருவதால் எடை போய்விடும், தக்கை நின்ற நிலையிலிருந்து அப்படியே படுத்துவிடும். தக்கை இல்லையென்றால் நரம்பு தொய்ந்துபோகும். உடனே தூக்கு, ஆனால் சுண்டி இழுக்காதே. அதன் வாயோரம் வெற்றிலையைவிட மெல்லிய சவ்வு, கிழிந்துவிடும். இங்கே அதற்குக் காகித வாய் என்றே ஒரு பட்டப்பெயர். நான் இதுவரை தொலைத்த பெரிய மீன் எல்லாம் என் ஆத்திரத்தால் தொலைந்தவை.

ப்ளூகில் என்று இன்னொரு ஏரி மீன் உண்டு, அதற்கு வாய் சின்னது. வாலை மட்டும் கடித்துக் கடித்துவிட்டுப் போகும். சின்ன ஜிக்கில் ஒன்றை எடுத்து, இறகைக் கத்தரிக்கோலால் முள்ளின் வளைவு வரை வெட்டிவிடு, பார்க்க ஒரு கட்டெறும்பு மாதிரி ஆகிவிடும். அதற்கு மேல் அந்த மீனுக்கு ஒன்றும் வேண்டாம்.

உங்கள் பக்கம் பெரும்பாலும் கறுப்பு க்ராப்பிதான் கிடைக்கும். முதுகுத் துடுப்பின் முன்னால் இருக்கும் முள்ளை எண்ணினால் ஏழோ எட்டோ இருக்கும். வெள்ளை க்ராப்பிக்கு ஐந்து அல்லது ஆறு. லைசென்ஸ் வாங்காமல் நிற்காதே. எத்தனை எடுக்கலாம் என்பது ஏரிக்கு ஏரி மாறும், பார்த்துக்கொள்.

டப்பாவில் ஈயம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் டங்ஸ்டன். உங்கள் மினசோட்டாவின் மாநிலப் பறவை, லூன் என்ற நீர்ப்பறவை இருக்கிறதே, அது ஏரியடிக் கூழாங்கல்லோடு ஈயத்தையும் விழுங்கிவிடுகிறது. ஒரு சின்ன ஜிக் போதும், செத்துப்போகும். டங்ஸ்டன் விலை அதிகம்தான். ஈயத்தைவிட அடர்த்தி கூடுதலாகையால் அதே எடை சின்னதாக இருக்கும், குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் போடும் பனிக்கட்டித் துளையில் சட்டென்று இறங்கும்.

பனிக்கட்டி என்று எழுதும்போதே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. தெளிந்த, புதுப் பனியாக நாலு அங்குலமாவது இருந்தால்தான் கால் வைக்க வேண்டும் என்று உங்கள் மாநில இயற்கைவளத் துறையே சொல்கிறது. நான் ஆறு என்கிறேன். தனியாகப் போகாதே. வேலையிடத்தில் யாராவது ஒரு பையன் இருப்பான், கேட்டுப் பார். மீன் பிடிக்கிறவர்கள் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்கள். அதெல்லாம் கூச்சமாக இருந்தால், பனி உருகும்வரை பொறு. உருகியதும் ஏரியின் வடக்குக் கரையில், அடி மண் கறுத்திருக்கும் சின்ன வளைவாகப் பார்த்துப் போ. வெயில் அங்கேதான் முதலில் சூடேற்றும், க்ராப்பியும் அங்கேதான் முதலில் வரும்.

கிடைத்தால் குழம்பு வைக்காதே. சதை பஞ்சு மாதிரி, கரண்டி பட்டால் கரைந்துவிடும். லூசியானாக்காரர்கள் இதைச் சாக்கலே என்பார்கள், பிரெஞ்சில் பால்பை என்பதுபோலக் கேட்கும். அவ்வளவு வெள்ளைச் சதை. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் அரிசி மாவு. இருபது நிமிஷம் ஊறினால் போதும்.

டப்பாவை மூடும்போது எண்ணினேன், இருபத்திரண்டு இருந்தது. பஞ்சுக்கு அடியில் இரண்டு எலுமிச்சைப் பச்சை. அப்பா ஹாலில் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எடுக்கவில்லை, அப்படியே ஒட்டி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா