தௌலியிலிருந்து

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. மூட்டு வலி குறைந்து, தடி இல்லாமல் கடைத்தெரு வரை போய்வருகிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. நான் இப்போது புவனேஸ்வரில் மகன் வீட்டில் இருக்கிறேன். அதுதான் பதில் தாமதம்.

போன ஞாயிறு தௌலி போனேன். இங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான். பக்கத்தில் தயா ஆறு, சுற்றிலும் வயல். பாறையின் உச்சியில் ஒரு யானையின் முன்பாதியை மட்டும் செதுக்கியிருக்கிறார்கள், கல்லுக்குள்ளிருந்து நடந்து வருவது போல. அதன் கீழே அசோகரின் கட்டளைகள், பிராமி எழுத்தில்.

கலிங்கப் போருக்குப் பின் அசோகர் வருந்தியது நிஜமா என்று விடுதி மொட்டைமாடியில் விடிய விடியச் சண்டை போட்டோமே, நினைவிருக்கிறதா? "ஜெயித்த பிறகு அழுவது யாருக்கும் சுலபம்" என்பாய். எனக்குக் கோபம் வரும். அந்தப் பாறை முன்னால் உன் குரல்தான் கேட்டது.

கலிங்கப் போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டார்கள், 1,50,000 பேர் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள் என்று அசோகரே வருந்திச் சொல்வது பதின்மூன்றாம் கட்டளை. தொலைவில், வடமேற்கே, இன்றைய பாகிஸ்தானிலுள்ள ஷாபாஸ்கரி பாறையில்கூட அது இருக்கிறது. கலிங்க மண்ணில், இந்தத் தௌலியில் இல்லை! பறிகொடுத்தவர்களிடமே அந்தக் கணக்கை எப்படி வாசித்துக் காட்டுவது என்று கூசியிருப்பாரோ? எனக்கு அப்படித்தான் படுகிறது. நீ அரசியல் தந்திரம் என்பாய்.

ஆனால் அதற்குப் பதில் இங்கே வெட்டியிருப்பதைக் கேள். இந்தப் பக்கத்தில் அன்றிருந்த தோசாலி நகரத்து அதிகாரிகளுக்கு உத்தரவு அது. எல்லா மக்களும் என் பிள்ளைகள். காரணமில்லாமல் யாரையும் சிறையில் அடைக்காதே, வதைக்காதே. பொறாமை, கோபம், அவசரம், சோம்பல் இருந்தால் உன்னால் நியாயமாக நடக்க முடியாது. திஷ்ய நட்சத்திர நாளில், அதாவது பூசத்தன்று, இதை எல்லோரும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். சரிபார்க்க ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதிகாரியை அனுப்புவேன் என்கிறார். வெறும் அழுகை இல்லையப்பா இது. தன் ஆட்களின் கையைக் கட்டியிருக்கிறார், அதுவும் ஊரறிய.

உன் பக்கமும் நியாயம் உண்டு. கலிங்கத்தை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. பதின்மூன்றாம் கட்டளையிலேயே காட்டுவாசிகளுக்கு, வருந்தினாலும் தண்டிக்கும் வலிமை எனக்குண்டு என்று எச்சரிக்கை வேறு. அந்த வரி இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் ஒரு விஷயம். இரண்டாம் கட்டளையில் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் என்று சொல்லும்போது சோழர், பாண்டியரோடு சதியபுத்திரரையும் குறிப்பிடுகிறார். அது யார் என்று வெகுநாள் விவாதம். 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் கிடைத்த கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் 'சதியபுதோ' என்றே சொல்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன்!

தை பிறந்ததும் ஊருக்கு வருகிறேன். உன் கால் ஒத்துழைத்தால் ஜம்பை போய்வரலாம். மிச்சச் சண்டையை அங்கே வைத்துக்கொள்வோம்.

உன் பழைய அறைத்தோழன்