வீடு திகனையில், பள்ளிக்கூடம் கண்டியிலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கண்டி டவுனை விட்டுக் குண்டசாலை, திகன பக்கம் குடிபோகும் குடும்பங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு பேர்ச் காணி என்ன விலை, வாடகை எவ்வளவு மிச்சம் என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளின் பாடசாலை விஷயம் மட்டும் ஒரு வரியில் முடிந்துவிட்டது. கட்டுக்கலையில் எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பற்றித்தான் பேச்சு. மகன் காணி பார்த்துவிட்டு வந்திருக்கிறான். பேத்திக்கு மூன்று வயது.

போக நினைப்பதைக் குறை சொல்ல மாட்டேன். சுற்றிவர மலை, நடுவில் டவுன். பஸ் புகை வெளியே போக வழியில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலிலும் மண்சரிவிலும் கண்டி மாவட்டம் பட்ட பாட்டுக்குப் பிறகு, மேட்டில் வீடு வைத்திருப்பவர்களுக்கு வானம் இருட்டினாலே தூக்கம் வருவதில்லை. மகாவலி ஓரம் சமதரையைத் தேடிப் போவது நியாயம்தான். (அங்கேயும் எல்லாக் காணியும் சமதரை இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைப் பார்க்காமல் முற்பணம் கொடுத்துவிடாதீர்கள்.)

சரி, பாடசாலைக்கு வருவோம். முதலாம் தரத்தில் பாதி இடங்கள் பாடசாலைக்குப் பக்கத்தில் வசிப்பவர்களுக்கு. வாக்காளர் இடாப்பில் ஐந்து வருடம் அந்த விலாசத்தில் பெயர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புள்ளி குறையும். அதனால் பலர் ஆள் மட்டும் திகனைக்குப் போய்விட்டு, பதிவைக் கண்டியில் மாமா வீட்டிலோ சித்தி வீட்டிலோ விட்டு வைக்கிறார்கள். வீடு பார்க்க அதிகாரிகள் வரும் நாளில் கட்டில், துணிமணி, பிள்ளையின் சைக்கிள் எல்லாம் லொறியேறித் திரும்பி வருகின்றன.

அப்படிப் பாடுபட்டு இடம் கிடைத்த பிறகாவது நிம்மதியா? எங்கள் பக்கத்து வீட்டில் இருந்து திகனைக்குப் போன பிள்ளை மூன்றாம் தரம் படிக்கிறாள். ஆறு மணிக்கு முன்பே வேன் வந்துவிடும். சப்பாத்தும் மேசும் (காலுறையும்) மடியில், கையில் கடதாசியில் சுற்றிய ரொட்டி. டவுனுக்கு வரும் வழியில் தென்னகும்புரயில் வாகனம் நின்றால் அங்கே ரொட்டியைச் சாப்பிட்டு, மேசு போட்டுக்கொள்வாளாம். பின்னேரம் டியூஷனும் டவுனில்தான். அவள் புது வீட்டைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது சனி, ஞாயிறில். தூரம் என்று பார்த்தால் சுமார் 15 கிலோமீற்றர்தான்.

காணி விற்பவரைக் கேட்டால் கண்டியில் இருந்து தென்னகும்புரவுக்குச் சுரங்கப்பாதை வரப்போகிறது என்பார். அந்தக் கதையைக் கேட்டுக் காணி வாங்கியவர்களின் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சையும் எழுதிவிட்டார்கள்.

என் கேள்வி இதுதான்: வீட்டை மாற்றுகிறவர்கள் பாடசாலையையும் ஏன் மாற்றக்கூடாது? திகன ஒன்றும் நேற்று முளைத்த ஊர் இல்லை. 1985இல் திறந்த விக்டோரியா அணைக்காகப் பழைய தெல்தெனிய நீருக்குள் போனபோது ஆட்கள் வந்து குடியேறிய இடம். தோட்டங்களும் பக்கத்தில் இருப்பதால் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து இராஜவெல்லையில் இந்துப் பாடசாலை இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டித்தான் வேன்கள் கண்டிக்கு ஓடுகின்றன என்று சொன்னால் கோபிக்கக்கூடாது. “தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கிற இடம்” என்று முகம் சுளிப்பவர்களின் அப்பாவும் தாத்தாவும் எங்கே படித்தார்கள்? மகனிடம் நான் சொன்னதும் அதுதான்: முதலில் அந்தப் பாடசாலைக்குப் போய் அதிபரைப் பார், கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேள், காணியை அப்புறம் பார்க்கலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். குண்டசாலை, திகன, தெல்தெனிய பக்கத்தில் தமிழ்மொழி மூலப் பாடசாலைகள் எவை, உயர்தரத்தில் எந்தப் பிரிவுகள் உண்டு, எத்தனை ஆசிரியர் வெற்றிடங்கள் என்று கல்வி அதிகாரிகளிடம் கேட்டு வெளியிடுங்கள். மகன் காணி உறுதி எழுதுவதற்கு முன்பு வந்தால் நல்லது.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கட்டுக்கலை, கண்டி.