டபுள் பேஸ் வேண்டாம் என்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

டிரம்ஸும் டெனர் சாக்சபோனும் தவிர வேறு கருவி எதுவும் இல்லாத எங்கள் ஜாஸ் இசைத்தட்டு முடிந்து கைக்கு வந்துவிட்டது. உறையின் மேல் எங்கள் இருவர் பெயர்தான் இருக்கிறது. பின்புறத்தில் நன்றி சொல்லக் கிடைத்த இடமோ இரண்டு விரற்கடை அகலம். அதில் அடங்காததை இங்கே எழுதுகிறேன். எழுதும் வேலையை டிரம்ஸ் வாசித்த நண்பர் என் தலையில் கட்டிவிட்டதால், இதில் யாரேனும் விடுபட்டிருந்தால் அந்தப் பிழை என்னுடையது.

முதல் நன்றி, எனக்குப் பியானோ வழியாக ஜாஸ் கற்பித்த ஆசிரியருக்கு. வழக்கமான ஜாஸ் குழுவில், ஆளுயர வயலின் போன்ற டபுள் பேஸ் அடிச்சுரத்தைப் பிடித்துக்கொள்ளும், பியானோ அதன்மேல் கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்களை, விரிக்கும், சாக்சபோன் அந்தத் தரையில் நின்றுகொண்டு விளையாடும். அந்தத் தரை இல்லாத பயத்தில் நான் மூச்சு விடும் இடத்தையெல்லாம் சுரங்களால் அடைத்தேன். நண்பரும் கிக் டிரம்மில் நான்கு எண்ணிக்கையையும் விடாமல் மிதித்துக்கொண்டிருந்தார். ஒத்திகைப் பதிவை முழுவதும் கேட்ட ஆசிரியர், "வரப்போகாத ஆளுக்கு நாற்காலி போட்டுவிட்டு, இருவரும் ஓரமாக நின்று வாசிக்கிறீர்கள்" என்று மட்டும் சொன்னார். இரண்டு நாள் மனம் சுருங்கிக் கிடந்தது உண்மை.

பிறகு அவரே எங்களை உட்காரவைத்து, சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் டிரம்ஸ் கலைஞர் ரஷீத் அலியும் 1967 பிப்ரவரி 22 அன்று இருவராகவே பதிவு செய்ததைக் கேட்கச் செய்தார். அந்த ஆண்டு ஜூலையில் கோல்ட்ரேன் மறைந்தார். இசைத்தட்டு வெளிவந்தது 1974இல்தான். "சாக்சபோனை விட்டுவிட்டு, சிம்பலை மட்டும் கேளுங்கள்" என்று டிரம்ஸின் உலோகத் தட்டுகளைக் கவனிக்கச் சொன்னார். தாளத்தை எண்ணிக்காட்டாமல், அதே சமயம் ஓட்டம் ஒரு கணமும் நிற்காமல் ரஷீத் அலி வாசிப்பது அப்போதுதான் எங்கள் காதில் விழுந்தது. அடுத்து, 1978இல் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சும் சாக்சபோன் கலைஞர் அந்தோனி பிராக்ஸ்டனும் சேர்ந்து வாசித்த பதிவைப் போட்டார். அங்கே டிரம்ஸ் மெட்டுக்குத் துணைபோவதோடு நிற்காமல் தானும் மெட்டுப் பாடுகிறது. இரண்டையும் நகலெடுக்க வேண்டாம் என்று எச்சரித்துத்தான் அனுப்பினார். அந்த எச்சரிக்கையை எல்லா இடத்திலும் காப்பாற்றினோமா என்பதைக் கேட்பவர்கள் சொல்லட்டும்.

ஒலிப்பதிவாளருக்கு நாங்கள் பட்ட கடன் பெரியது. இருவரையும் ஒரே அறையில், நடுவே தடுப்பு இல்லாமல், காதில் ஹெட்போன் இல்லாமல் வாசிக்க வைத்தவர் அவர். அப்படிச் செய்தால் சிம்பலின் ஒலி சாக்சபோனுக்கு வைத்த மைக்கிலும் புகும். ஒருவர் தவறினால் அந்த இடத்தை மட்டும் தனியாக வாசித்து ஒட்ட முடியாது, அந்த முறை வாசித்த முழுப் பதிவையும் தூக்கிப் போட வேண்டும். இதை மூன்று முறை விளக்கிச் சொல்லிவிட்டே பதிவைத் தொடங்கினார். முதல் நாள் வாசித்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை. அவர் முகத்தில் சலிப்பின் சாயலே இல்லை.

அதே அறையில் இன்னொரு சிக்கல் முளைத்தது. நான் தாழ்ந்த சுரங்களில் சிலவற்றை நீட்டி ஊதும்போதெல்லாம், யாரும் தொடாத ஸ்னேர் டிரம்மின் அடியில் உள்ள கம்பிச்சுருள்கள் தாமாகவே 'கிர்ர்ர்' என்று அதிர்ந்தன. ஒலிப்பதிவாளர் தரையில் மண்டியிட்டு, என்னை ஒவ்வொரு சுரமாக ஊதச் சொல்லி, எந்தச் சுரத்தில் அதிர்வு எழுகிறது என்று விரலை வைத்துப் பார்த்தார். ஸ்னேர் தோலின் இறுக்கத்தைச் சிறிது மாற்றியதும் பெரும்பாலான இடங்களில் அது அடங்கிவிட்டது. மூன்றாவது பாடலில் மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தோம். என் சுரத்துக்கு நண்பரின் டிரம் கேளாமலே பதில் சொல்வதுபோல் இருக்கிறது. முழுத்தட்டிலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

பதிவுக்கு முந்தைய மாலையில் என் சாக்சபோனின் மிகத் தாழ்ந்த சுரமான கீழ் பி பிளாட் கரகரத்து உடைந்தது. கருவி பழுதுபார்ப்பவர் கடையை மூடிய பிறகும் எனக்காகக் காத்திருந்து, குழலுக்குள் சிறு விளக்கை இறக்கி, துளையை மூடியிருக்க வேண்டிய ஒரு பேடின் (சிறு மெத்தையின்) ஓரத்தில் மயிரிழையாக வெளிச்சம் கசிவதைக் காட்டினார். தாழ்ந்த சுரங்களுக்கு அந்த இழை போதும், குரல் போய்விடும். அவர் அதைச் சரிசெய்து தந்திராவிட்டால் மேலே சொன்ன மூன்றாவது பாடலே இல்லை.

தட்டு அச்சாகும் முன் ஒலியை இறுதியாகச் சீராக்கும் மாஸ்டரிங் வேலையைச் செய்தவர் பாடல்களின் வரிசையையே மாற்றினார். தட்டு ஒரே வேகத்தில், நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று சுழன்றாலும், ஊசி நடுப்பக்கம் நெருங்க நெருங்க ஒரு சுற்றில் அதன் கீழே கடக்கும் தடத்தின் நீளம் குறைகிறது. உரத்த சிம்பல் அங்கே வந்தால் சிதறும். ஆகவே ஆர்ப்பாட்டமானவற்றை விளிம்பிலும், பிரஷ் கொண்டு மெல்ல வாசித்தவற்றை உட்பக்கத்திலும் வைக்கச் சொன்னார். நான் அதை எதிர்த்து வாதாடினேன், தோற்றேன். அவர் சொன்ன வரிசையே சரி.

மாதக்கணக்கில் ஒத்திகையைப் பொறுத்துக்கொண்ட அண்டைவீட்டாருக்கும், தட்டு அச்சாகும் முன்பே பணம் கட்டிப் பதிவு செய்துகொண்டவர்களுக்கும், எங்கள் இரு குடும்பத்தாருக்கும் மனமார்ந்த நன்றி.

கடைசியாக ஒருவர். துணிவு தளர்ந்த ஒரு வாரத்தில், ஆசிரியர் சொன்னதையும் மறந்து, நாங்கள் ஒரு டபுள் பேஸ் கலைஞரைக் கூப்பிட்டுவிட்டோம். அவ்வளவு பெரிய கருவியைச் சுமந்துகொண்டு வந்தவர், உறையைக்கூட அவிழ்க்காமல் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒத்திகை முழுவதையும் கேட்டார். முடிந்ததும், "இதில் எனக்கு வேலை இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்லி, வண்டிச் செலவுக்குக்கூடக் கை நீட்டாமல், கருவியைத் தோளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். ஒரு சுரமும் வாசிக்காததால் தட்டின் உறையில் அவர் பெயர் இல்லை. தட்டின் முதல் பிரதி அவருக்குத்தான் போகிறது.

நன்றியுடன்,
சாக்சபோன் வாசித்தவன், டிரம்ஸ் வாசித்தவர் சார்பிலும்