வளவைத் திறந்துவைத்தவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் அண்ணன் தம்பிமார்களுக்கும் வணக்கம்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கடைசித் தாளை எழுதிவிட்டு நம் பிள்ளைகள் முந்தாநாள் வீடு திரும்பினார்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே தேர்வு முடிந்துவிட்டது. முடிவு வந்த பிறகு இந்த மடலை எழுதினால் போதாதா என்று அம்மா கேட்டார். அப்போது எழுதினால் மதிப்பெண்ணுக்கு நன்றி சொன்னதாக ஆகிவிடும். ஆச்சி வீட்டு வளவில், அதாவது நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் உள்ள பகுதியில், பிள்ளைகள் மாலையில் கூடிப் படித்தார்கள். அதற்காக ஜூன் மாதம் தொடங்கி ஏப்ரல் வரை மாலை நேரங்களை ஒதுக்கியவர்களுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அதற்கு மதிப்பெண் பட்டியல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இந்த மாலைப் படிப்பு எப்படித் தொடங்கியது என்று உங்களில் பலருக்குத் தெரியாது. போன வருடம் என் அண்ணன் மகன் பத்தாவது படித்தான். பாடம் ஏறாத பிள்ளை அல்ல. ஜனவரியில் ஒரே வாரத்தில் அறிவியல் ரெக்கார்டு நோட்டைக் கொடுக்க வேண்டிய நாளும் கணிதத் திருப்புதல் தேர்வும் வந்து சேர்ந்தன. ரெக்கார்டு நோட்டுக்குக் கெடு என்றைக்கு என்பதை வேறொரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்திருந்தான். அந்தப் பக்கத்தைப் பிறகு அவன் புரட்டவே இல்லை. கெடுவுக்கு முந்தின நாள் இரவு ஏழு மணிக்குக் கூடப் படிப்பவன் ஒருவன் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. விடிய விடிய உட்கார்ந்து எழுதினான். படங்களை நான் வரைந்து கொடுத்தேன். அது சரியில்லை என்று தெரிந்தும் வரைந்தேன். மறுநாள் காலை தேர்வு அறையில் மேசைமேல் தலைவைத்துத் தூங்கியிருக்கிறான். எழுந்தபோது அரை மணி நேரம்தான் மிச்சம். வீட்டுக்கு வந்து, "கணக்கு எனக்குத் தெரியும் அத்தை, நாள்தான் தெரியாமல் போய்விட்டது" என்றான்.

நான் புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் நாளைச் சுவரில் எழுதி, இரண்டு நாள் முன்பே வேலையை முடித்து வைப்பவள். ஆலைக் கணக்குக்குக் காட்டிய அக்கறையில் பாதியைக்கூட வீட்டுப் பிள்ளையின் நாட்களுக்குக் காட்டவில்லையே என்று அன்றைக்கு எனக்கு மனசு ஆறவே இல்லை.

முதல் நன்றி ஆச்சிக்கு. நான் கேட்கப் போனது முகப்புத் திண்ணையை மட்டும்தான். பங்காளிகள் எல்லாம் வெளியூரில் இருக்க, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே திறக்கிற வீடு அது. ஆச்சி சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நடைவாசலைத் திறந்து, "திண்ணையில் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு எப்படிப் படிப்பார்கள்? உள்ளே உட்காரட்டும்" என்று வளவையே கொடுத்துவிட்டார். தாழ்வாரத்தில் பதித்த ஆத்தங்குடித் தரைக்கல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் ஏப்ரல் வெயிலிலும் குளிர்ச்சி. நடுவில் வானம். 23 பிள்ளைகள் நான்கு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

ஆச்சி போட்ட நிபந்தனை ஒன்றுதான்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர். இன்றைக்கும் முகம் பார்க்கலாம் போல மின்னுகிறது. அதில் ஆணி அடிக்க யாருக்குத்தான் மனம் வரும்? இரண்டு தேக்குத் தூண்களுக்கு நடுவே கொச்சைக் கயிறு கட்டி, துணி உலர்த்தும் கிளிப்புகளை அவரே எண்ணிக் கொடுத்தார். எங்கள் நாள் அட்டை அந்தக் கயிற்றில்தான் பத்து மாதம் தொங்கியது.

அந்த அட்டையை அச்சடித்துக் கொடுத்த காரைக்குடி அச்சக அண்ணனுக்கு நன்றி. கல்யாணப் பத்திரிகை வேலை தலைக்குமேல் இருந்த நாளில், ஜூன் முதல் ஏப்ரல் வரை ஒரே தாளில் கட்டம் போட்டுத் தந்தார். காகிதத்துக்குக்கூடக் காசு வாங்கவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வரிசை. பள்ளி சொன்ன கெடு நாள் சிவப்பில். அதற்கு மூன்று நாள் முன்னால் நீலத்தில் ஒரு நாள். அதற்கு 'நம்ம நாள்' என்று பிள்ளைகளே பெயர் வைத்தார்கள். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, பொங்கல் கழிந்து திருப்புதல் தேர்வுகள், அப்புறம் செய்முறைத் தேர்வு என்று பெரிய நாட்களை எல்லோரும் அறிவார்கள். பிள்ளைகளைச் சாய்ப்பவை அவற்றுக்கு நடுவில் வருகிற சின்ன நாட்கள். பிளஸ் டூவில் ஒவ்வொரு பாடத்துக்கும் அகமதிப்பீடாக 10 மதிப்பெண் இருக்கிறது. வருகையும் வகுப்புத் தேர்வும் ஒப்படைப்பும் அதில் சேரும். ஆறு பாடத்துக்கு 60. பொதுத்தேர்வு அறைக்குள் நுழையும் முன்பே கைக்கு வரக்கூடிய இந்த 60-ல் சிலதை, வெறும் நாள் தவறியதால் இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

தேதிகளை முன்கூட்டியே சொல்லி அனுப்பிய வகுப்பு ஆசிரியர்களுக்கும் இங்கே நன்றி சொல்கிறேன். மாற்றம் வந்தால் அன்றே தகவல் கொடுத்தீர்கள்.

ஒரு வேலை முடிந்ததும் பிள்ளைகள் சீட்டு எழுதிக் கொட்டானில் போட வேண்டும். அந்தக் கொட்டானும் ஆச்சியுடையதுதான். சிவப்பும் பச்சையும் சாயமேற்றிய பனையோலையில் அவர் கையால் முடைந்தது. வெள்ளிக்கிழமைதோறும் இடைப்பலகாரம் கொடுத்து முடித்ததும் மடியில் கொட்டி எண்ணுவார். பணியாரத் தட்டைவிட அந்த எண்ணிக்கையைத்தான் பிள்ளைகள் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாருடைய சீட்டு இல்லையோ அந்தப் பிள்ளையைத் திட்ட மாட்டார். பக்கத்தில் கூப்பிட்டு, "என்ன ஆத்தா தடங்கல்?" என்று கேட்பார். பாதி நேரம் தடங்கல் பாடத்தில் இருக்காது. கிராஃப் நோட்டு வாங்கவில்லை, வீட்டில் தம்பிக்குக் காய்ச்சல், ரெக்கார்டு நோட்டு இன்னொருவனிடம் இருக்கிறது, இப்படித்தான் இருக்கும். அவை ஒரு நாளில் தீர்கிறவை. கேட்பதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கு ஐயாவுக்கு நான் என்ன சொன்னாலும் குறைவு. ஓய்வு பெற்றவர், முழங்கால் வலி உள்ளவர், வாரம் மூன்று நாள் பஸ் ஏறி வந்தார். கணிதம் என்றாலே கண்ணைக் கீழே போட்டுக்கொள்கிற ஐந்து பேரைத் தனியாக உட்கார வைத்து, பத்தாம் வகுப்பு வினாத்தாளை முதலில் பிரித்துக் காட்டினார். ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண்ணில் எழுத வேண்டியது 10, ஐந்து மதிப்பெண்ணில் 10. கடைசியில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் 8. "அந்தப் பதினாறும் உங்கள் கையில் இருக்கிறது. புத்தகத்தின் பின்பக்கத்து ஒரு மதிப்பெண் வினாக்களையும் சேர்த்துப் பிடித்தால் முப்பது. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. இனிமேல் பயப்படுவதா, படிப்பதா, நீங்களே சொல்லுங்கள்" என்றார். அன்றைக்கு அந்த ஐந்து முகங்களும் நிமிர்ந்ததை நான் பார்த்தேன். அதன்பிறகு தினமும் ஒரு வடிவொத்த முக்கோணம் அல்லது ஒரு தொடுகோடு. பென்சில் கூர்மையாக இல்லை என்றால் வாங்கிச் சீவிக் கொடுத்துவிட்டுத்தான் தாளைப் பார்ப்பார். வினாத்தாளை வாசிக்கக் கொடுக்கும் முதல் 10 நிமிடத்தையும் அவர் பயிற்சியாக்கினார். பேனாவைத் தொடாமல், எதை முதலில் எழுதுவது, எதைக் கடைசிக்கு விடுவது என்று கண்ணாலேயே தீர்மானிக்க வேண்டும். பொதுத்தேர்வு அன்று பெரிதாகக் கைகொடுத்தது அதுதான் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

அறிவியல் ஐயா காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் நம் ஊர்ப்பக்கம் வந்து, 1953-ல் திறக்கப்பட்ட ஆய்வகம் அது. "அவர் கொடுத்ததில் சாப்பிட்டவன் நான், வரமாட்டேன் என்று சொல்வேனா?" என்றுதான் முதல் நாள் வந்தார். பத்தாம் வகுப்புச் செய்முறைக்கு உள்ள 25 மதிப்பெண்ணுக்காக மட்டும் அவர் சொல்லித்தரவில்லை. மயில்துத்தம் என்ற காப்பர் சல்பேட்டைச் சோதனைக்குழாயில் சூடாக்க, நீலம் மெல்ல வெளுத்து வெண்பொடியானது. ஆறவைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் மறுபடி நீலம் ஓடியது. பிள்ளைகள் வாய்விட்டுக் கத்தினார்கள். குவிலென்சின் குவியத் தொலைவு பார்க்க அவர் திரை கொண்டுவரவில்லை. ஆச்சி வீட்டுச் சுவர் இருக்கும்போது திரை எதற்கு? வெளி வாசலுக்கு நேரே லென்சைப் பிடித்தார். தெருவில் நின்ற தென்னை, அந்த மின்னுகிற சுவரில் தலைகீழாக, உள்ளங்கை அளவில், மட்டை அசைவதுவரை தெரிந்தது. ஆச்சி கிட்டே வந்து நின்று வெகுநேரம் பார்த்தார். அந்தச் சுவரை அறுபது வருடமாகப் பார்த்தும் இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்றார். அன்றே உட்கார்ந்து, யார் உதவியும் இல்லாமல், பிள்ளைகள் அவரவர் நோட்டில் அவரவர் படத்தை வரைந்தார்கள். எனக்கு வேலை இல்லாமல் போனதில் அப்படி ஒரு சந்தோஷம்.

டிசம்பரில் ஒரு பையன் வருவதை நிறுத்திவிட்டான். அவன் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன், தன் மகளைக் கூட்டிவரும் வண்டியிலேயே அவனையும் தினமும் ஏற்றிக்கொண்டு வந்தார். மகள் ஒருநாள், பாடத்தை எல்லாம் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை. "கண்ணாடிமேல் சாயத்தை ஊற்றுவது ஒரு நிமிட வேலைதான். தொட்டித் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறினால்தான் அது கல். அவசரப்பட்டு எடுத்தால் கையோடு விண்டுவிடும் ஆத்தா." அந்தப் பிள்ளை மறுநாளே தன் வரிசையில் நீல நாட்களைக் கூட்டி எழுதிக்கொண்டது.

பங்குனித் திருவிழா கமிட்டிக்கு மனமார்ந்த நன்றி. அம்மன் திருவிழாவும் பொதுத்தேர்வும் வருடந்தோறும் ஒரே பருவத்தில்தான் வருகின்றன. திருவிழாவை யாரும் குறைத்துச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. நாங்கள் மனு எழுதிக்கொண்டு வந்தோம். நீங்கள் அதை வாங்கிப் படிக்கக்கூட இல்லை. "நம்ம பிள்ளைகள்தானே" என்று குழாய் ஒலிபெருக்கிகளைக் கண்மாய்ப் பக்கம் திருப்பிக் கட்டினீர்கள். தேர்வுக்கு முந்தின இரவுகளில் எட்டு மணிக்கே நிறுத்தினீர்கள். பால்குடத்தன்று மட்டும் முழுச் சத்தம் இருந்தது. அன்று பிள்ளைகளுக்குத் தேர்வு இல்லை, அவர்களும் உங்களோடுதான் நடந்தார்கள்.

பழைய வினாத்தாள்களைப் பாதி விலைக்கு நகலெடுத்துத் தந்த ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும், கை காட்டிய இடத்தில் எல்லாம் நிறுத்திய டவுன் பஸ் நடத்துநர்களுக்கும், இரவில் பெண் பிள்ளைகளை வீடுவரை கொண்டுபோய் விட்ட காவல்காரத் தாத்தாவுக்கும் நன்றி.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மதிப்பெண் வரிசையை அட்டையில் போடுங்கள், போட்டி இருந்தால்தான் படிப்பார்கள் என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நான் மறுத்தேன். சங்கடம் இருந்தும் பிள்ளைகளை அனுப்புவதை நீங்கள் நிறுத்தவில்லை. இரவு பத்தரைக்கு விளக்கை அணையுங்கள் என்ற என் தொந்தரவையும் பொறுத்துக்கொண்டீர்கள். தூங்காத பிள்ளை தேர்வு அறையில் என்ன ஆகும் என்று பார்த்தவள் நான். என் பிடிவாதத்துக்கு இடம் கொடுத்ததற்குக் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

நேற்று அட்டையைக் கயிற்றிலிருந்து இறக்கினோம். ஆச்சி அதை நான்காக மடித்து, சீட்டு நிறைந்த கொட்டானோடு சேர்த்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். அச்சக அண்ணன் அடுத்த வருடத்து அட்டையை அதற்குள் அனுப்பிவிட்டார். இன்னும் பெயர்கள் எழுதவில்லை. என் அண்ணன் மகன் மட்டும் காலையில் வந்து, ஓரத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு குறிப்பை எழுதிவிட்டுப் போயிருக்கிறான்: "மே மாதம், முடிவு வரும் நாள். மார்க் எவ்வளவாக இருந்தாலும் எல்லோரும் ஆச்சி வீட்டுக்கு வர வேண்டும்."

மேலே பெயர் சொல்லாமல் குறிப்பிட்ட நீங்கள் அத்தனை பேரும் அன்று மாலை வந்துவிடுங்கள். வெள்ளைப்பணியாரத்துக்கு அரிசி ஊறப்போடுவது ஆச்சி. இத்தனை பேர் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டுமாம்.

இப்படிக்கு,
23 பிள்ளைகளின் சார்பில்,
ஆச்சி வீட்டுக்கு எதிர் வரிசையில் இருக்கும் உங்கள் வீட்டுப் பெண்