மூன்று பேர் இருக்கும் விளம்பர நிறுவனம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறுதொழில் செய்பவர்கள் விளம்பர நிறுவனத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எந்தெந்த ஊரில் கிளை இருக்கிறது, எந்தப் பெரிய கம்பெனிக்கு வேலை செய்து கொடுத்திருக்கிறார்கள் என்றெல்லாம் விசாரிக்கச் சொல்லியிருந்தது. நமக்காக யார் உட்கார்ந்து யோசிக்கப் போகிறார்கள் என்று மட்டும் விசாரிக்கச் சொல்லவில்லை. நான் காவேரிப்பட்டணத்தில் ராகி மாவு, ராகி சேமியா, நிப்பட் தயாரித்து விற்கிறவள். என் அனுபவத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

முதலில் நாங்கள் போனது வெளியூரில் உள்ள ஒரு பெரிய நிறுவனத்திடம். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் எங்களிடம் பேசியவர் ஒருவர், அவர் குறித்துக் கொடுத்ததை வைத்து எழுதியவர் இன்னொருவர், படம் போட்டவர் வேறொருவர். எழுதியவரையும் படம் போட்டவரையும் நாங்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. வந்த விளம்பரத்தில் கால்சியம், நார்ச்சத்து, பாரம்பரியம் எல்லாம் இருந்தன. பின்னணியில் ஒரு கோதுமை வயல். பெயரை மட்டும் மாற்றினால் எந்த ஊர் மாவுக்கும் அது பொருந்தும்.

அப்புறம் கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்டில், மாடியில் ஒரே அறையில் இயங்கும் ஒரு நிறுவனத்துக்குப் போனோம். எழுதுகிற பெண், படம் வரைகிற தம்பி, அச்சு, பெயின்டிங், பில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற அண்ணன், அவ்வளவுதான். மூன்று பேரும் மில்லுக்கே வந்தார்கள். மாவு சலிக்கிற அக்காக்களோடு உட்கார்ந்து களி சாப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தையில் எங்கள் கடையோரம் நின்று, வாங்க வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

வந்தவர்கள் ஒரு சிட்டிகை மாவை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார்கள். சிலர் நாக்கில் போட்டு, பல்லில் நறநறக்கிறதா என்று கடித்துப் பார்த்தார்கள். சத்து இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. ராகியின் சத்தைத் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்களுக்குள்ள பயமெல்லாம் மண்ணும் பொடிக்கல்லும்தான். அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் வந்தவர்களுக்குக் காரணம் தெரியும். களம் இல்லாதவர்கள் கதிரைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். லாரியும் பஸ்ஸும் ஏறி இறங்க மணி உதிரும், கூடவே ரோட்டு மண்ணும் சேரும்.

எழுதுகிற பெண் அன்றைக்கே என்னிடம் கேட்டாள்: "அக்கா, உங்களுக்கு ராகி கொடுக்கிறவர்கள் எல்லாரும் களத்தில்தான் அடிக்கிறார்களா? நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன்." போய்ப் பார்த்ததில் இரண்டு பேர் ரோட்டில் அடிப்பது தெரிந்தது. அவர்களுக்குத் தார்ப்பாய் வாங்கிக் கொடுத்து, பக்கத்துக் களத்தில் இடம் பேசி முடிக்கும் வரை அவள் ஒரு எழுத்துகூடத் தரவில்லை. முடித்த பிறகு தந்த வரி இதுதான்: "இந்த ராகி ரோட்டைப் பார்த்ததே இல்லை."

ராகி பரப்புகிற அதே ரோடுகளின் ஓரம், வீட்டுக்காரர்களிடம் அனுமதி வாங்கி, சுவரில் எழுதினார்கள். ரோட்டில் காயப்போடும் விவசாயி மனம் நோகக்கூடாது என்று அண்ணன் யோசித்து, கீழே "களத்தில் அடித்துத் தரும் விவசாயிகளுக்கு நன்றி" என்று சேர்த்தார். படம் வரைகிற தம்பிக்குத் தேன்கனிக்கோட்டை பக்கம். தெலுங்கும் கன்னடமும் அவனுக்கு வீட்டுப் பேச்சு. சூளகிரி சந்தைக்கு ஆட்டோவில் மைக் கட்டிப் போனபோது, அங்கே பேசுகிற தெலுங்கிலேயே அவன் பேசினான். இப்போது சந்தையில் "ரோடு பார்க்காத ராகி இருக்கா?" என்று கேட்டு வாங்குகிறார்கள்.

பார்த்தவரே எழுதினார், எழுதியவரும் வரைந்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். இந்த யோசனை பிறந்தது அதனால்தான். விளம்பரத் தொழிலின் வரலாறும் இதையே சொல்கிறது. 1949-ல் நியூயார்க்கில் தொடங்கிய டாயில் டேன் பெர்ன்பாக், அன்றைய பெரிய நிறுவனங்களுக்கு முன்னால் சின்னதுதான். அந்தக் காலத்தில் எழுதுகிறவர் வாசகத்தை எழுதி ஓவியப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார், அத்தோடு அவர் வேலை முடிந்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் பெர்ன்பாக், எழுதுகிறவரையும் வரைகிறவரையும் ஜோடியாக உட்கார வைத்தார். ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரம் 1959-ல் கைக்கு வந்தபோது, முதலில் ஜெர்மனியில் வொல்ஃப்ஸ்பர்க் ஆலைக்குப் போய்ப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு, பரிசோதனையில் கழிக்கப்பட்ட ஒரு காரின் படத்தைப் போட்டு, ஒரு குரோம் பட்டையில் இருந்த சிறு குறைக்காக இதைத் தள்ளிவிட்டோம் என்று விளம்பரம் செய்தார்கள். ஆலைக்குள் நடந்து பார்க்காதவருக்கு அது தோன்றியிருக்காது.

நம் நாட்டில் அமுல் வெண்ணெய் விளம்பரம். 1966-ல் சில்வெஸ்டர் டகூன்யா தொடங்கியது, பின்னாளில் அவர் குடும்பத்தின் சிறிய நிறுவனமே தொடர்ந்து செய்துவருகிறது. ஒவ்வொரு விளம்பரப் பலகையையும் தன்னிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை என்று அமுலை நடத்திய வர்கீஸ் குரியன் விட்டுவிட்டார். அதனால்தான் நேற்று நடந்த சங்கதியைச் சுடச்சுட அவர்களால் பேச முடிந்தது. ஐந்து அதிகாரிகள் கையெழுத்துப் போட்ட பிறகு வரும் நகைச்சுவைக்கு யார் சிரிப்பார்கள்?

நாடு முழுவதும் டிவியில் வர வேண்டும், பல மாநிலங்களில் இடம் பிடிக்க வேண்டும் என்றால் பெரிய நிறுவனம் வேண்டும்தான். எங்களைப் போன்றவர்களுக்கு அது தேவைப்படுவதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்திரிகையும் டிவியும் அங்கீகாரம் பெற்ற விளம்பர நிறுவனத்துக்கு வழக்கமாகத் தரும் கமிஷன் 15 சதவீதம். செலவு பெருகினால் கமிஷனும் பெருகும். வேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொள்கிற சின்ன நிறுவனத்துக்கு, சுவரே போதும் என்று சொல்ல எந்தத் தயக்கமும் இல்லை.

எங்கள் மாவட்டத்தில் மாங்கூழ் ஆலைகள் நிறைய இருக்கின்றன. பெங்களூரா மாம்பழக் கூழ் வெளிநாடு போகிறது, ஆனால் எங்கள் ஊர்ப் பெயர் வெளியே தெரிவதில்லை. ஆண்டுதோறும் கிருஷ்ணகிரியில் நடக்கும் அனைத்திந்திய மாங்கனிக் கண்காட்சியில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் சின்ன விளம்பர நிறுவனங்களுக்கும் இடம் ஒதுக்கி, தொழில் செய்கிறவர்களும் அவர்களும் நேரில் பேச மாவட்டத் தொழில் மையம் ஏற்பாடு செய்யட்டும். விளம்பரப் பணிக்கு டெண்டர் விடும் அலுவலகங்கள் ஆண்டு வருமானத்தை மட்டும் அளவுகோலாக வைக்காமல், செய்த வேலையையும் பார்க்கட்டும்.

உங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். அங்கீகாரம் இல்லாத சின்ன நிறுவனங்கள் கொண்டுவரும் விளம்பரத்துக்கும், மாவட்டப் பக்கம் அளவிலாவது, ஒரு சிறு கமிஷன் கொடுங்கள். ராயக்கோட்டை ரோட்டு மாடி அறைக்கு அடுத்த மாத வாடகை அதிலிருந்து வரும்.

இப்படிக்கு,
ராகி மில் நடத்தும் ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.