வெட்டின ஸ்டொக்கைப் பற்றி மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

உன்ர பழைய துவக்கின்ர ஸ்டொக்கை, அதுதான் மரக்கட்டையை, ஆரோ வெட்டிப்போட்டாங்கள், திருத்துறதோ விடுறதோ எண்டு கேட்டு நீ அனுப்பின படங்கள் கிடைச்சுது. பாத்திட்டு உடனையே அழிச்சுப்போட்டன், குறை நினைக்காதை, பழக்கதோஷம். வெள்ளவத்தையில இப்ப ஆர் வந்து போனைத் தட்டிப் பாக்கப்போறாங்கள் எண்டு எனக்கும் தெரியும், ஆனா துவக்குப் படம் போனுக்கை கிடக்கு எண்டு நினைச்சா நித்திரை வராது, எங்கட வயசுக்காரருக்கு அது லேசில போகாது. அதால இப்ப எழுதுறது ஞாபகத்தில இருந்து. பிழையெண்டா திரும்ப ஒருக்கா அனுப்பு, பாத்திட்டு திரும்பவும் அழிக்கிறன்.

அம்மாவுக்கு நான் சொல்லேல்ல. நீயும் சொல்லாதை.

இவ்வளவு காலமும் எடுத்தா "ஓம் அப்பா, வேலை அப்பா" எண்டு ரெண்டு சொல்லோட வைச்சிடுவாய், இப்ப மரம் எண்டவுடனை அவ்வளவு நீள வொய்ஸ் மெசேஜ். சந்தோசம் தான், ஏன் மறைப்பான். கடைக்கு வந்து நிக்கச்சொன்னா ட்யூஷன் இருக்கு எண்டு ஓடின பிள்ளை இப்ப மரத்தைப் பற்றி என்னட்டைக் கேக்குது. பெரியப்பாவுக்கும் சொன்னன், மரவேலை எண்டு மட்டும்.

சரி விசயத்துக்கு வாறன். முதல் சொல்லுறது, சாண்ட்பேப்பர் தொடாதை. என்ன முடிவு எடுத்தாலும் சரி, சாண்ட்பேப்பர் தொடாதை. பள்ளம் விழுந்த இடங்களுக்கு ஈரத்துணியை வைச்சு மேல சூடான அயன்பொக்சைப் பிடி, மரம் ஆவியைக் குடிச்சு தானா எழும்பும், எங்கட தச்சுவேலை பாஸ் சாப்பாட்டு மேசையளுக்குச் செய்யிறது நீ பாத்திருப்பாய். தேய்ச்சா மேலத்தோலும் போகும், ஆமிக்காரர் அடிச்ச முத்திரையும் போகும், பேந்து விளிம்பெல்லாம் உருண்டு இரும்புக்கும் மரத்துக்கும் மட்டம் வராது.

நீ சொன்னது நம்பர் 4 லீ-என்ஃபீல்ட், பழைய ஆமித் துவக்கு, லோங் பிராஞ்ச் பக்டரி முத்திரை, 1943. அந்த பக்டரி உன்ர டொரன்டோவுக்குப் பக்கத்தில ஏரிக்கரையில தானே இருந்தது, 1941இல துடங்கி அங்கை இந்த மொடல் சுமார் 9 லட்சம் செய்தவங்கள். எங்களுக்கு தியத்தலாவை கடேற் காம்பில தந்தது இதுக்கு முந்தின மொடல், அதுக்கு மூக்கு மொட்டை, பரல், அதுதான் குழல், வெளியில தெரியாது. உன்ரதுக்கு பரல் மரத்தை விட்டு வெளியில நீட்டிக்கொண்டு நிக்கவேணும். ரெண்டுக்கும் தோட்டா ஒண்டுதான், .303. தோள் நொந்தது இப்பவும் ஞாபகம், அதைவிட ஞாபகம் அந்த லின்சீட் ஒயில் மணம்.

மரத்தை வெட்டினவன் ஒருத்தனும் பைத்தியக்காரன் இல்லை. சண்டை முடிய மலிவுக்கு வித்தாங்கள், மான் வேட்டைக்குப் போறவனுக்குப் பாரம் குறையவேணும், முன்பக்க மரத்தை வெட்டி மேல்மூடியளைக் கழட்டி எறிஞ்சிட்டு காட்டுக்குப் போயிட்டான். அவனுக்கு அது ஆயுதம், உனக்கு அது சாமான். அவனைப் பேசிக்கொண்டிருக்காதை.

இப்ப திருத்துறதோ விடுறதோ எண்டு கேட்டனி. மரத்தைப் பாக்க முதல் இரும்பைப் பார். உள்ளுக்கை தோட்டா இல்லை எண்டு ரெண்டு தரம் பாத்திட்டு, பின்னால இழுத்து மூடுற போல்ட்டை மூடி, பரலின்ர முன்வாயால ஒரு மரக்கம்பியை விட்டு போல்ட் முகத்தில முட்டுமட்டும் அள. 25.2 இஞ்சி வரவேணும். குறைஞ்சா பரலையும் வெட்டிப்போட்டான் எண்டு அர்த்தம், அதோட கதை சரி, மரத்துக்கு ஒரு சதமும் செலவழிக்காதை. பயனெட் பூட்டுற காதுகள் வாய்ப்பக்கம் இருக்கோ அராவிப்போட்டானோ எண்டும் பார். மேல இரும்பு உடம்பில ஸ்கோப் பூட்ட ஓட்டை துளைச்சிருக்கோ, போல்ட்டில இருக்கிற நம்பரும் உடம்பில இருக்கிற நம்பரும் ஒண்டோ, இதெல்லாம் பாத்துச் சொல்லு. எல்லாம் சரியெண்டா திருத்து. ஒண்டு பிழைச்சாலும் வேட்டைக்காரன் விட்டமாதிரியே எண்ணெய் போட்டு வைச்சிரு, அதுவும் மரியாதை தான்.

உனக்கு எங்கட பழைய பாஸை ஞாபகம் இருக்கும், மொரட்டுவைக்காரர். இப்ப கண் சரியில்லை, எண்டாலும் பஸ் எடுத்துப் போய்க் கேட்டனான். படத்தைத்தான் அழிச்சுப்போட்டன் எல்லே, கடதாசியில கீறிக் காட்ட அவர் வள்ளத்துத் துடுப்போ எண்டு கேக்கிறார். துவக்கு எண்டு சொல்ல அந்தாள் வாசலை ஒருக்காப் பாத்திட்டுத்தான் கதைச்சார். அவரும் நான் நினைச்சதைத்தான் சொன்னார், புது முன்கட்டை வாங்கிப் பூட்டுறதிலும் பாக்க இருக்கிறதோட ஒட்டுப் போடுறது திறம். ஏனெண்டா பின்பக்கம், டிரிகர் கார்ட்டுக்கு மேல, மரம் உடம்போட இறுகிக் குந்தியிருக்கிற இடம் தான் உந்தத் துவக்கின்ர உயிர்நிலை. அங்கை இவ்வளவு வருஷமாப் பொருந்தின மரத்தைக் கழட்டி எறிஞ்சிட்டு வேற துவக்கின்ர மரத்தைக் கொண்டந்து வைச்சா அது ஆடும். ஆடினா சுடேக்க பின்பக்கம் மரம் பிளக்கும், குறியும் போகும்.

ஒட்டு எங்கை வரவேணும் எண்டா நடு இரும்புப் பட்டிக்குக் கீழ. உன்ர படத்தில வெட்டு பட்டிக்கு ரெண்டு விரக்கடை முன்னால இருந்தது எண்டு நினைக்கிறன். அப்ப இன்னும் கொஞ்சம் வெட்டத்தான் வேணும், மனம் வராது, எண்டாலும் வெட்டு, பட்டிக்குள்ள மறையுமட்டும். உடைஞ்ச முன்கட்டை ஒண்டைத் தேடி வாங்கி அதின்ர முன்துண்டை எடு. நார் ஓட்டம் ஒண்டாப் போகவேணும், நிறம் பேந்து பாப்பம். லோங் பிராஞ்ச்காரர் வால்நட்டும் போட்டவங்கள், மேப்பிள், பேர்ச்சும் போட்டவங்கள், உன்ரது என்ன எண்டு முதல்ல பார், வால்நட்டில மேப்பிளை ஒட்டிப்போட்டு சாயம் பூசி மறைக்க வெளிக்கிடாதை. நடுவில கம்பியோ ஆப்போ வைச்சு எபொக்சியால ஒட்டு. இரும்பில வடிவா மெழுகு பூசு, இல்லாட்டி பரலும் சேந்து ஒட்டிப்போடும். நேராப் பிடிச்சு ஒட்டவேணும், ஏனெண்டா இந்த மொடலில முன்மரம் வாய்ப்பக்கத்தில பரலை மேல தள்ளிப் பிடிக்கவேணும், 2 முதல் 7 இறாத்தல் வரை எண்டு கணக்கு. ஒட்டு ஒரு மயிர் சரிஞ்சாலும் அந்தத் தள்ளு வராது. அவசரப்படாதை. நீ எதுக்கும் அவசரம்.

கடைசியா லின்சீட் ஒயில், கையால தேய்ச்சுத் தேய்ச்சு, ஒவ்வொரு பூச்சும் காய விட்டு. எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டி மூலைக்கை போட்டிடாதை, அது தன்பாட்டில சூடேறிப் பத்தும், உண்மையாச் சொல்லுறன், நெருப்புக்குச்சி தேவையில்லை. வெளியில விரிச்சுக் காயப்போடு, இல்லாட்டி தண்ணியுள்ள தகரப் பேணிக்கை போடு. நீ வேலை செய்யிற இடம் பேஸ்மென்ட் மாதிரித் தெரிஞ்சுது, அதாலதான். பழைய வீட்டுக் கராஜ் எவ்வளவு பெரிசு, அங்கை வைச்சுச் செய்யலாமே. படத்தில ஓரத்தில ஒரு ஒத்தைக் கட்டில் கிடந்தது, சாமான் வைக்கவாக்கும்.

இன்னொண்டு. என்ர சிநேகிதன்ர பொடியனும் அங்கை துவக்கு லைசன்ஸ் எடுத்தவனாம், விண்ணப்பப் போமில பெண்சாதியின்ர கையெழுத்தும் கேக்குமாம், கடைசி ரெண்டு வருஷத்தில பிரிஞ்சவை இருந்தா அவையின்ர விபரமும் போடவேணுமாம், கையெழுத்து இல்லாட்டி அவையளுக்கு அறிவிப்பாங்களாம். என்ன மாதிரி நுணுக்கமா யோசிச்சிருக்கிறாங்கள். அப்ப மருமகளும் கையெழுத்து வைச்சிருப்பா தானே. எப்ப வைச்சவ? சும்மா கேக்கிறன். அவவுக்குத் துவக்கு எண்டாலே ஆகாது எண்டு எனக்குத் தெரியும், அவவின்ர வீட்டுக்காரர் பட்டது கொஞ்சமே. அதால ஓம் எண்டிருந்தா பெரிய விசயம், அவவைச் சந்தோசமா வைச்சிரு.

பூட்டி வை. அங்கத்தச் சட்டமும் அதுதான், தோட்டா இல்லாமல், டிரிகருக்குப் பூட்டுப் போட்டோ இரும்பு அலுமாரிக்கை பூட்டியோ. என்னைக் கேட்டா ரெண்டையும் செய். தோட்டா ஒண்டும் இப்ப வாங்காதை, மரம் காய மாதக்கணக்கு எடுக்கும், அதுக்குள்ள தோட்டா என்னத்துக்கு? அலுமாரித் திறப்பை மருமகளிட்டக் குடு. நீ வைச்சிருந்தா எங்கையும் துலைப்பாய், சின்னனிலயே சைக்கிள் திறப்பு எத்தினை துலைச்சனி. திறப்பு அவவிட்ட இருந்தா எனக்கு ஒரு நிம்மதி. அவவிட்டக் குடுக்க ஏலாட்டி உன்ர சிநேகிதப்பொடியன், அங்கை மார்க்கம் எண்ட ஊரில இருக்கிறவன், அவனிட்டக் குடு. சரியோ? உன்னட்ட வைச்சிருக்காதை.

அம்மா மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் கட்டி வைச்சிருக்கிறா, சின்னவளுக்கு மயூரபதி அம்மன் கோவில் நூலும். வாற மாதம் ஒராள் வாறார், குடுத்துவிடலாம். எந்த விலாசத்துக்கு எண்டு அம்மா கேக்கிறா. பழைய விலாசம்தான் எண்டு சொன்னன். ஒரு பார்சலோ ரெண்டோ எண்டும் சொல்லு, ரெண்டாக் கட்டுறதும் கஷ்டமில்லை, வீட்டில பை கிடக்கு. ஏன் எண்டு கேக்கமாட்டன், அம்மாவையும் கேக்க விடமாட்டன்.

இரவில நித்திரை வராட்டி எடு. இங்கை அப்ப பகல், நான் சும்மாதான் இருக்கிறன். மரத்தைப் பற்றி எண்டாலும் சரி.

பரல் நீளத்தை அளந்து அனுப்பு. சாண்ட்பேப்பர் வாங்கியிருந்தா கடையில திருப்பிக் குடு. திறப்பு ஆரிட்ட எண்டதையும் மறக்காமல் எழுது.

அப்பா