கண்ணாடி தேடிக் கொடுத்த அக்காவுக்கு

விழுந்த கதையை இனி யாருக்கும் சொல்வதாக இல்லை. தண்டையார்பேட்டை முழுக்க அது ஏற்கெனவே என் சைக்கிளைவிட வேகமாகச் சுற்றிவிட்டது. இடது கை தொங்கலில் இருக்கிறது, வலது கையின் ஒற்றை விரலால்தான் இதை அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். ஆலங்காயம் தாண்டி காவலூர் ஏறுகிற வழியில் வாசலில் உட்கார்ந்து புளி அடித்துக்கொண்டிருந்தீர்கள். பங்குனியில் ஜவ்வாது மலையில் யார் வாசலைப் பார்த்தாலும் புளிதான், புங்க மரமெல்லாம் புதுத் தளிர். மிண்ட் மேம்பாலத்தையே மலை என்று நினைத்து ஏறி இறங்கிப் பழகியவர்கள் நாங்கள், மூச்சு வாங்கி உங்களிடம்தான் தண்ணீர் கேட்டோம். "இந்த வெயில்ல எதுக்குப்பா சைக்கிளு, பஸ்ஸு இல்லியா?" என்றீர்கள். நியாயமான கேள்வி.

திரும்பி இறங்கும்போது உங்கள் வீட்டுக்குச் சற்று மேலேதான் அந்த வளைவு. எல்லாரும் கையைப் பார்த்தார்கள், நான் மட்டும் கண்ணாடி, கண்ணாடி என்று புலம்பிக்கொண்டிருந்தேனாம். எனக்கு மைனஸ் ஆறு. அது இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் ஆளா மரமா என்றே தெரியாது. சாயங்காலம் மருத்துவமனையில் டாக்டரே ஒரு வெள்ளைத் திட்டாகத்தான் வந்து போனார். அப்போது ஒரு பஸ் கண்டக்டர் வார்டுக்குள் வந்து, "சைக்கிள்ல விழுந்த மெட்ராஸ் தம்பி யாரு?" என்று கேட்டு செய்தித்தாள் பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்தார். என் கண்ணாடி. உடைந்த காம்பில் சிவப்பு நூல் இறுக்கிச் சுற்றியிருந்தது. ஒரு பக்கத்து லென்ஸ் கழன்று புதருக்குள் போய்விட்டதாம், நீங்கள் வேலையைப் போட்டுவிட்டு, தெருப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இருட்டுவதற்குள் தேடி எடுத்தீர்களாம். பொட்டலத்தில் ஓர் உருண்டை புளியும் இருந்தது.

மாட்டியதும் முதலில் தெரிந்தது பக்கத்தில் இருந்த நண்பனின் முகம். கண் வீங்கியிருந்தது. அதுவரை அவன் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன்.

நாங்கள் கிளம்பிப் போனதே காவலூர் வைனு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் இருக்கிற 2.3 மீட்டர் தொலைநோக்கியைப் பார்க்கத்தான். அது எத்தனை ஒளியாண்டு தூரம் பார்க்குமோ, அன்றைக்கு எனக்கு இரண்டடி தூரம் தெரிந்தது பெரிய விஷயமாக இருந்தது.

அந்தக் கண்டக்டர் அண்ணன், 108 ஓட்டுநர், என்னைத் தூக்கிய மூன்று பேர், இரவெல்லாம் முழித்த நர்ஸ் அம்மா, வளைந்த சைக்கிளை வாணியம்பாடியில் ரயிலேற்றிக் கொண்டுவந்து சேர்த்த நம்ம பசங்க, அம்மாவிடம் "சின்ன அடிதான்" என்று கூசாமல் பொய் சொன்ன பக்கத்து வீட்டு அண்ணி, எல்லாருக்கும் நன்றி. அண்ணி, அம்மா அதை ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை.

அப்புறம், நீங்கள் கொடுத்த புளியில்தான் ஞாயிற்றுக்கிழமை அம்மா சங்கரா மீன் குழம்பு வைத்தார். காசிமேட்டு மீன், உங்கள் மலைப் புளி. அடுத்த பங்குனிக்கு நெத்திலிக் கருவாடு எடுத்துக்கொண்டு வருகிறேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. பஸ்ஸில்தான் வருவேன் என்று அவர் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதற்கடுத்த வருஷம் சைக்கிளில் வருவேன் என்பதை நீங்கள் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். கண்ணாடிக்குக் கயிறு வாங்கிவிட்டேன்.